பழைய கார்ட்ரிட்ஜ்: எறியும் முன் அளந்து பாருங்கள்

இசைத்தட்டு பிளேயரின் கையில் ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின்சமிக்ஞையாக மாற்றும் பகுதிதான் கார்ட்ரிட்ஜ். பழைய மூவிங் மேக்னட் (ஊசியோடு காந்தம் அசையும்) வகையில் பெரும்பாலும் கெடுவது ஊசிப் பகுதிதான். உள்ளிருக்கும் சுருள் 40 ஆண்டு கழித்தும் நன்றாகவே இருக்கலாம். கம்பிகளைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, வெள்ளை-நீலக் கம்பிகள் செருகும் முனைகளையும் சிவப்பு-பச்சை முனைகளையும் அளந்து பாருங்கள். சில நூறு ஓம் முதல் 1,500 ஓம் வரை, இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக இருந்தால் நல்லது. ஒரு பக்கம் எதுவுமே காட்டவில்லையா? சுருள் அறுந்துவிட்டது, அதில் காசு போட வேண்டாம்.

அடுத்தது, கேன்டிலீவரை, அதாவது வைரமுனை பொருத்திய மெல்லிய குச்சியை, தாங்கும் ரப்பர். நம் சிங்கப்பூர் வெக்கையில் அது சீக்கிரமே முதுமையடையும். இறுகிவிட்டால் பாட்டில் 'ஸ' ஒலி கரகரக்கும். தளர்ந்துவிட்டால் கார்ட்ரிட்ஜின் அடிப்பகுதி இசைத்தட்டில் உரசும். இந்த ரப்பர் ஊசிப் பகுதியோடு சேர்ந்தே வரும். ஆகவே, வைரமுனை தேயாமல் இருந்தாலும் புது ஊசியே போடுங்கள். அமெரிக்காவின் ஷூர் நிறுவனம் 2018இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஆனால் ஜப்பானின் ஜிகோ அதன் பல மாடல்களுக்கு ஊசி செய்கிறது. இங்குள்ள அடெல்ஃபி கடைத்தொகுதியின் ஆடியோ கடைகளில் மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். ஊசி அழுத்தத்தைப் புது ஊசிக்குக் குறித்த அளவிலேயே வையுங்கள். தட்டு தேயுமே என்று குறைத்தால், ஊசி பள்ளத்துக்குள் துள்ளி இன்னும் அதிகமாகக் கெடுக்கும்.

பழைய கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜ் மட்டும் வேண்டவே வேண்டாம்: அதிலுள்ள ரோஷெல் உப்புப் படிகம் ஈரக்காற்றில் கரைந்து செத்துப்போகும்.