டவர் ஃபைபர் கனெக்டர்: ரப்பர் வளையத்தைப் பாருங்க

மும்பையில் டவர் ஏறுகிற தம்பிகளுக்கு. செல்போன் டவரில் ஃபைபர் (ஒளி போகும் கண்ணாடி இழை) கேபிளை ரேடியோப் பெட்டியோடு இணைக்கும் கனெக்டரில் ஐபி67 என்று இருந்தால் தூசி புகாது, 1 மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும். அதுவும் பூட்டிய நிலையில்தான். உப்புக்காற்றைப் பற்றி அந்த எண் பேசாது. கடலோரம் என்றால் உப்புத்தெளிப்புச் சோதனை அறிக்கையையும் கேளுங்க.

போன ஆடி மழையில் கடலோர வொர்லிப் பக்கம் ஒரு கனெக்டரைக் கழற்றினேன். ரப்பர் வளையம் ஒருபுறம் பிதுங்கி, பித்தளையில் பச்சை பூத்திருந்தது. பூட்டும்போது ‘டக்’ சத்தம் கேட்காமல் யாரோ இறங்கிவிட்டார்கள், அவ்வளவுதான். கையுறையோடு திருகிப் பூட்ட வருகிறதா என்று கீழேயே பார்த்துவிடுங்க.

கழற்றிய கனெக்டரின் வாயை மூடும் மூடி கயிற்றோடு இருக்கட்டும். சிங்கிள்மோடு (ஒரே ஒளிப்பாதை கொண்ட) ஃபைபரில் ஒளி போகும் மையம் ஏறக்குறைய 9 மைக்ரான், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு தூசி போதும், சிக்னல் படுத்துவிடும். ரேடியோவின் போர்ட் (கனெக்டர் செருகும் இடம்) எந்த வகை என்று பார்க்காமல் ஆர்டர் போடாதீங்க.