தெரிஞ்ச தொழிலை ஒளிக்காம சொல்லிக் கொடுத்தே கஸ்டமர் பிடிக்கிறது எப்படி? ஒரு ஏசி மெக்கானிக்கோட செய்முறை

மதுரைல ஏசி சர்வீஸ் பண்றேன். நோட்டீஸ் அடிச்சு பேப்பருக்குள்ள வச்சு விட்டிருக்கேன், ஆட்டோ பின்னாடி போர்டு மாட்டியிருக்கேன், அதுல வந்த வேலைய விட, தெரிஞ்சதை அப்படியே வீடியோவுலயும் ஸ்டேட்டஸ்லயும் சொன்னதால வந்த வேலைதான் ஜாஸ்தி. பிளம்பர், எலக்ட்ரீஷியன், ஆர்ஓ சர்வீஸ், ஜிஎஸ்டி ஃபைல் பண்றவங்கன்னு யாரா இருந்தாலும் இந்த வழி ஒத்து வரும், நான் எனக்குத் தெரிஞ்ச ஏசிய வச்சே சொல்றேன்.

முதல்ல ஒரு பயத்தைப் பேசிடுவோம். "எல்லாத்தையும் சொல்லிட்டா அவங்களே பண்ணிக்குவாங்க, அப்புறம் நம்மள யாருண்ணே கூப்பிடுவா?"ன்னு கூட வேலை பாக்குற தம்பிங்க கேப்பாங்க. ஃபில்டரைக் கழட்டி குழாய்ல காமிச்சு கழுவி நிழல்ல காய வச்சு மாட்டத் தெரிஞ்சவர், அதுக்குன்னு நம்மள எப்பவுமே கூப்பிடப் போறதில்ல. ஆனா அதைச் சொல்லிக் கொடுத்தவன் யாருன்னு அவருக்கு ஞாபகம் இருக்கும், நாளைக்கு அவுட்டோர் யூனிட் ஓடலைன்னா அவர் தேடுற நம்பர் நம்மளோடதுதான்.

1. போன்ல கேக்குற கேள்விய நோட்ல எழுதுங்க

என்ன சொல்றதுன்னு யோசிச்சு உக்காந்தீங்கன்னா ஒண்ணும் வராது. ஒரு நோட்டு எடுத்துக்கிட்டு 2 வாரம், வர்ற போன்ல அவங்க என்ன கேட்டாங்களோ அதை அவங்க வார்த்தையிலயே எழுதுங்க. என் நோட்ல இருந்தது இதுதான்: "ஏசில இருந்து தண்ணி சொட்டுது", "காத்து வருது, கூலிங் வரல", "வருஷா வருஷம் கேஸ் ஊத்தணுமா", "கரண்ட் பில்லு எகிறுது, எத்தனைல வைக்கிறது". "எவாப்பரேட்டர் காயில் ஃப்ரீஸிங்"னு யாரும் கேக்க மாட்டாங்க, "பைப்புல ஐஸ் கட்டிருக்குண்ணே"ன்னுதான் கேப்பாங்க. அதுதான் உங்க வீடியோ தலைப்பு. ஜனங்க கூகுள்லயும் யூடியூப்லயும் அப்படித்தான் தேடுறாங்க.

2. ஒரு கேள்விக்கு ஒரு பதில், முழு பதில்

இங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. பாதியைச் சொல்லிட்டு "மீதிக்கு கால் பண்ணுங்க"ன்னு முடிக்கிறாங்க. பாக்குறவங்களுக்கு அது உடனே புரிஞ்சுடும், அடுத்த தடவை திறக்கவே மாட்டாங்க. முழுசா சொல்லுங்க. தண்ணி சொட்டுதா, ஏசி தண்ணி போறதுக்கு வெளிய விட்டிருக்கிற டிரெயின் பைப் முனையப் பாருங்க, ஏசி நல்லா ஓடியும் அங்க சொட்டாம உள்ள சொட்டுதுன்னா பெரும்பாலும் பைப்ல அழுக்கு அடைச்சிருக்கு. அதை எப்படிச் சுத்தம் பண்றதுன்னும் காமிங்க. கரண்ட் பில்லா, 24ல வச்சு ஃபேனையும் போடுங்க, ஒரு டிகிரி ஏத்தினாலே கிட்டத்தட்ட 6 சதவீதம் கரண்ட் மிச்சம்னு மத்திய அரசோட எனர்ஜி எஃபிஷியன்சி பீரோவே சொல்லுது, 2020 ஜனவரிலேர்ந்து வர்ற ஸ்டார் போட்ட ரூம் ஏசில டிஃபால்ட்டே 24தான். இப்படி நம்பரோட சொன்னா ஆளுங்க அதை வீட்டுல போய்ச் சொல்வாங்க.

எனக்கு வேலையை மாத்துன வீடியோ எதுன்னா, கேஸ் பத்தினது. ஒரு அக்கா வீட்டுல 3 சம்மரா யாரோ வந்து கேஸ் ஊத்திட்டுக் காசு வாங்கிட்டுப் போயிருக்காங்க. ஏசி கேஸ் வண்டி பெட்ரோல் மாதிரி ஓட ஓட தீர்ற சமாச்சாரம் இல்ல, மூடின பைப்புக்குள்ளயே சுத்தி சுத்தி வர்றது, குறைஞ்சா எங்கயோ லீக்குன்னு அர்த்தம். அவுட்டோர் யூனிட்ல காப்பர் பைப் சேர்ற ஃப்ளேர் நட்டு மேல சோப்பு நுரையை ஸ்பாஞ்சுல எடுத்து வச்சேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல. அப்புறம் நட்டோட கீழ்ப்பக்கம் ஒரே ஒரு நுரைக் குமிழி, கடுகு சைஸ்ல கிளம்பி, மெதுவா பெருசாகி, உடைஞ்சு, திரும்ப அதே இடத்துல இன்னொண்ணு. அக்கா குனிஞ்சு பாத்துட்டு "இதுக்காப்பா 3 வருஷம் காசு குடுத்தேன்"னாங்க. அவங்க கிட்ட கேட்டுக்கிட்டு நட்டையும் என் கையையும் மட்டும் போன்ல எடுத்தேன், 40 செகண்டுதான். "அடுத்த தடவை யார் வந்து கேஸ் குறைஞ்சிருக்குன்னு சொன்னாலும், லீக் எங்கன்னு முதல்ல காமிங்கன்னு கேளுங்க"ன்னு சொல்லி முடிச்சேன். என்னைக் கூப்பிடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல. அந்த வாரமே "ண்ணே, நுரை வீடியோ போட்டது நீங்கதான, எங்க வீட்டுக்கும் வந்து பாருங்க"ன்னு போன் வர ஆரம்பிச்சுச்சு.

3. எதைத் தொடக் கூடாதுன்னும் சொல்லுங்க

சும்மா சொல்லித் தர்றோம்ங்கிறதுக்காக ஆளுங்களை ஆபத்துல இறக்கி விடக் கூடாது. அவுட்டோர்ல இருக்கிற கெப்பாசிட்டர், அதாவது கரண்டைச் சேத்து வைக்கிற பாகம், மெயின் ஆஃப் பண்ணப்புறமும் சார்ஜ் வச்சிருக்கும், தொட்டா அடிக்கும். இப்ப வர்ற நிறைய ஏசில ஆர்32 கேஸ், அது தீப்பிடிக்கக் கூடிய வகை. இதெல்லாம் என்ன, ஏன் கெட்டுப்போகுதுன்னு விளக்கிட்டு, "இதுல கை வைக்காதீங்க, யாரா இருந்தாலும் தெரிஞ்ச மெக்கானிக்கைக் கூப்பிடுங்க"ன்னு தெளிவா சொல்லிடுங்க. எது நீங்களே பண்ணலாம், எது கூடாதுன்னு நேர்மையா பிரிச்சுச் சொல்ற ஆளைத்தான் வீட்டுக்குள்ள விடுவாங்க.

4. எடுக்குறது, போடுறது

போன் போதும், குறுக்க இல்லாம நிமித்திப் பிடிங்க. முகம் காட்ட கூச்சமா இருந்தா கை மட்டும் காட்டுங்க. வீட்டு ஆளுங்க, பேர்ப்பலகை, சாமி ரூம் எதுவும் ஃப்ரேம்ல வரக் கூடாது, அனுமதி கேக்காம எடுக்கவே கூடாது. யூடியூப் ஷார்ட்ஸ் 3 நிமிஷம் வரைக்கும் போடலாம், ஆனா 1 நிமிஷத்துல முடிஞ்சா முடிச்சுடுங்க. அதே வீடியோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்லயும் போடுங்க, ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்துல போயிடும், அதனால யூடியூப்ல கண்டிப்பா இருக்கணும்.

5. வாட்ஸ்அப் பிசினஸ்

தொழில் பண்றவங்களுக்கான தனி ஆப் இது, இலவசம்தான். குயிக் ரிப்ளைல அந்த நோட்டுக் கேள்விங்களுக்குப் பதில் எழுதி வச்சிடுங்க, சாய்வுக்கோடு போட்டா வந்து நிக்கும், ராத்திரி 10 மணிக்கு "தண்ணி சொட்டுது"ன்னு மெசேஜ் வந்தாலும் ஒரே தட்டுல பதில் போகும். ஒரே மெசேஜை நிறைய பேருக்குத் தனித்தனியா அனுப்புற பிராட்காஸ்ட் லிஸ்ட்ல ஒரு லிஸ்ட்டுக்கு 256 பேர், அதுவும் உங்க நம்பரை சேவ் பண்ணவங்களுக்குத்தான் போகும். அதனால வேலை முடிஞ்சதும் அன்னைக்கே தேதி, என்ன பண்ணோம், கேஸ் பிரஷர், ஆம்பியர் எவ்ளோன்னு எழுதி அனுப்பிட்டு "அடுத்த தடவை ஒப்பிட்டுப் பாக்க உதவும், நம்பரை சேவ் பண்ணிக்கோங்க"ன்னு சொல்லுங்க. காரணம் இருக்கிறதால பண்ணிக்குவாங்க. மாசத்துக்கு ஒண்ணு ரெண்டுக்கு மேல அனுப்பாதீங்க, தீபாவளி ஆஃபர் படம் வேணவே வேணாம்.

6. கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்

கூகுள்லயும் மேப்லயும் தேடுனா நம்ம தொழில் பேர், நம்பர் வர்ற பக்கம் இது, இதுக்கும் காசில்ல. கடை இல்லைன்னாலும் வீட்டு அட்ரஸைக் காட்டாம, எந்தெந்த ஏரியாவுக்கு வருவீங்கன்னு மட்டும் போடலாம். ரிவ்யூ கேளுங்க, ஆனா ரிவ்யூக்கு டிஸ்கவுன்ட் குடுக்காதீங்க, கூகுள் விதிப்படியே அது தப்பு. விசிட்டிங் சார்ஜ், வாட்டர் சர்வீஸ் (தண்ணி அடிச்சு ஏசி கழுவுறது) ரேட்டை வெளிப்படையா எழுதிடுங்க.

7. எப்ப ஆரம்பிக்கிறது

ஏசிக்கு ஜனவரி. ஏப்ரல் வந்துட்டா மூச்சு விட நேரம் இருக்காது, அக்னி நட்சத்திரத்துல வீடியோ எடுக்க உக்கார முடியாது. உங்க தொழிலோட சீசனுக்கு 2 மாசம் முன்னாடி, வாரத்துக்கு ஒண்ணுன்னு 8 வீடியோ. முதல் மாசம் ஒரு போன் கூட வராம போகலாம், பாக்குறவங்க 30 பேர்தான் இருப்பாங்க, அந்த 30 பேரும் உங்க ஊர்க்காரங்களா இருந்தா போதும். வெளியூர்ல இருந்து 1 லட்சம் பேர் பாத்தா உங்களால அங்க போய் ஏசி கழட்டவா முடியும்? அதனால தலைப்புலயே ஊர் பேரைச் சேருங்க.

புதுசா கூப்பிடுற ஒவ்வொருத்தர் கிட்டயும் "எதைப் பாத்துக் கூப்பிட்டீங்க?"ன்னு கேட்டு அதே நோட்ல கடைசிப் பக்கத்துல குறிங்க. என் நோட்ல "நுரை" "நுரை"ன்னு வரிசையா இருக்கு, நடுவுல ரெண்டு இடத்துல "டிரெயின் பைப்". நான் ரொம்ப மெனக்கெட்டு எடுத்த ஸ்டெபிலைசர் வீடியோவுக்கு ஒண்ணு கூட இல்ல, அதனால அதை விட்டுட்டு இந்த ஜனவரிக்கு "பைப்புல ஐஸ் கட்டிருக்குண்ணே" எடுக்கப் போறேன்.