இணையதளத்தில் வீடியோ வைக்கப் போகிறீர்களா?

கிருஷ்ணகிரி பக்கம் மாங்கன்று விற்கும் மாமாவுக்கு இணையதளம் செய்தபோது, ஒட்டுக்கட்டும் வீடியோ ஒன்றைச் சேர்க்க பிளேயர் (வீடியோவை ஓட்டிக் காட்டும் மென்பொருள்) தேடியே இரண்டு நாள் போனது. ஒன்றிரண்டு வீடியோதான் என்றால் அதெல்லாம் தேவையில்லை. பக்கத்தின் கோடில் எழுதும் எச்டிஎம்எல்5 வீடியோ டேக் (video) போதும். கோப்பு எச்.264 முறையில் சுருக்கிய எம்பி4 ஆக இருந்தால் அநேகமாக எல்லா போனிலும் ஓடும். அந்த டேக்கில் ‘ப்ரீலோட்’ (preload) என்பதை ‘நன்’ (none) என்று வைத்து, வீடியோ ஓடும் முன் தெரியும் போஸ்டர் படம் (poster) ஒன்று கொடுங்கள். மாந்தோப்பில் அரைகுறை சிக்னலில் பார்ப்பவருக்கு, பிளே அழுத்தும் வரை வீடியோ இறங்காது. இது ரொம்ப முக்கியம். ஐபோனுக்கு ‘ப்ளேஸ்இன்லைன்’ (playsinline) சேருங்கள், இல்லையென்றால் வீடியோ திரை முழுக்க விரிந்துவிடும். எல்லா பிரவுசரிலும் ஒரே மாதிரி பட்டன்கள் வேண்டுமா? சரி, அப்போது வீடியோ.ஜேஎஸ் (Video.js) என்ற பிளேயரைப் போடலாம், இலவசம்தான். ஃப்ளாஷ் என்ற பிரவுசர் துணை மென்பொருளைக் கேட்கும் பழைய பிளேயர் மட்டும் வேண்டாம். அடோபி அதை 2020 டிசம்பரோடு நிறுத்திவிட்டது.