மதுரை முதல் அரிச்சல்முனை வரை: பருவக்காற்றை அறிந்து படம் எடுக்கும் முறை

மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளையும் கண்மாய்களையும், அவற்றின் மேல் மாறிக்கொண்டே இருக்கும் வானத்தையும், அந்த வானத்தில் ஏறி இறங்கும் விமானங்களையும் படம் எடுக்க விரும்புகிறவர், கேமராவை எடுப்பதற்கு முன்னால் அன்றைக்குக் காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மேகம் எங்கே திரளும், தொலைவில் உள்ள மலை தெரியுமா, விமானம் ஓடுபாதையின் எந்த முனையில் இறங்கும், தனுஷ்கோடியில் எந்தப் பக்கத்துக் கடல் கொந்தளிக்கும் என்ற எல்லாக் கேள்விகளுக்கும் பெரும்பாலும் காற்றே பதில் சொல்லிவிடுகிறது. நம் ஊர் விவசாயிகளும் மீனவர்களும் மேல்காற்று, வாடை, கொண்டல், தென்றல் என்று காற்றைப் பெயர் சொல்லிப் பிரித்தறிவது தொழிலுக்காகத்தான். படம் எடுப்பவருக்கும் அந்த அறிவு அதே அளவுக்குப் பயன்படும்.

விமானங்களிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் காற்றின் ஆட்சி அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. மதுரை விமான நிலையம் நகரின் தெற்கே, அவனியாபுரத்துக்கும் பெருங்குடிக்கும் அப்பால் இருக்கிறது. அதன் ஒரே ஓடுபாதை ஏறத்தாழ 2,285 மீட்டர் நீளத்தில் கிழக்கு மேற்காகப் படுத்திருக்கிறது. மேற்கு முனையில் 09 என்றும் கிழக்கு முனையில் 27 என்றும் எழுதியிருப்பார்கள். 90 டிகிரி, 270 டிகிரி என்ற திசைகாட்டி அளவுகளின் சுருக்கம் அது. விமானம் காற்றை எதிர்த்து ஏறி, காற்றை எதிர்த்தே இறங்கும். ஆகவே ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் மேற்கிலிருந்து மேல்காற்று பலமாக வீசும்போது விமானங்கள் பெரும்பாலும் கிழக்கிலிருந்து வந்து மேற்கு நோக்கி இறங்குகின்றன. ஐப்பசிக்குப் பிறகு வடகிழக்கிலிருந்து வாடை வீசத் தொடங்கினால் மேற்கிலிருந்து வந்து கிழக்கு நோக்கி இறங்குவது மிகுதியாகும். காற்று மந்தமான நாட்களில் எந்த முனையும் பயன்படலாம் என்பதால், ஃபிளைட்ரேடார்24 போன்ற செயலியில் அதற்கு முன்பு இறங்கிய விமானம் எந்தப் பக்கம் சுற்றி வந்தது என்று பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யலாம்.

அடுத்து வெயிலின் திசை. மதுரை ஏறத்தாழ 9.9 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. இதனால் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிவெயில் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே நிற்கும். ஜூனில் சூரியன் கிழக்கிலிருந்து சுமார் 24 டிகிரி வடக்கே தள்ளி உதிக்கிறது, டிசம்பரில் அதே அளவு தெற்கே தள்ளி உதிக்கிறது. கிழக்கு மேற்கான ஓடுபாதைக்கு இதன் பொருள் மிக எளிது: மே, ஜூன், ஜூலையில் இறங்கும் பாதைக்கு வடக்கே நின்று தெற்கு நோக்கிப் படம் எடுக்க வேண்டும், நவம்பர் முதல் பிப்ரவரி வரை தெற்கே நின்று வடக்கு நோக்கி எடுக்க வேண்டும். அப்போதுதான் வெயில் நம் முதுகுப் பக்கமிருந்து விமானத்தின் உடல்மேல் விழும். எதிர்ப்பக்கம் நின்றால் எவ்வளவு நல்ல லென்ஸ் இருந்தாலும் சாம்பல் வானத்தில் ஒரு கருநிழல்தான் கிடைக்கும்.

காற்றையும் வெயிலையும் சேர்த்துப் பார்த்தால் ஆண்டின் இரண்டு சிறந்த நேரங்கள் தாமாகவே புலப்படும். ஆடி மாத மாலையில் மேற்கு நோக்கி இறங்கும் விமானத்தின் மூக்கின்மேல் சாயும் வெயில் நேராக விழுகிறது. மார்கழிக் காலையில் கிழக்கு நோக்கி இறங்கும் விமானத்தின்மேல் இளவெயில் அவ்வாறே விழுகிறது. இவ்விரண்டில் என் மனம் மார்கழியைத்தான் நாடுகிறது, ஏனெனில் நிலையத்துக்கு மேற்கே, இறங்கும் பாதைக்குத் தெற்கில் உள்ள வயல்வெளியில் நின்று வடகிழக்காகப் பார்த்தால், விமானத்துக்குப் பின்னால் திருப்பரங்குன்றம் மலையைக் கொண்டுவர முடியும். எந்த ஊரில் எடுத்தது என்று யாரும் கேட்கத் தேவையில்லாத படம் அது.

விமானம் வழக்கமாக 3 டிகிரி சரிவில் இறங்குகிறது. சக்கரம் தரை தொடும் இடத்திலிருந்து 1 கிலோமீட்டர் தொலைவில் அதன் உயரம் சுமார் 52 மீட்டர், 5 கிலோமீட்டர் தொலைவில் சுமார் 260 மீட்டர் என்று கணக்கிட்டுக்கொண்டால், மலையோ பனைமரமோ படச்சட்டத்துக்குள் வருமா என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். ஏர்பஸ் 320 விமானத்தின் நீளம் ஏறக்குறைய 37.6 மீட்டர், விசிறியால் இயங்கும் ஏடிஆர் 72 விமானத்தின் நீளம் 27 மீட்டர். முழுச்சட்ட கேமராவில் (36 மி.மீ. அகல உணரி உள்ளது) 300 மி.மீ. லென்ஸ் பொருத்தி 500 மீட்டர் தள்ளி நின்றால் 60 மீட்டர் அகலக் காட்சி கிடைக்கும். ஏர்பஸ் அதில் பாதிக்கு மேல் நிறைந்து, நிலத்துக்கும் வானத்துக்கும் இடம் விட்டு நிற்கும். விமானத்தை மட்டும் சட்டம் முழுக்க அடைத்து எடுப்பதைவிட இந்த அளவு எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜெட் விமானத்துக்கு ஷட்டர் வேகம் 1/1000 நொடியில் இருப்பது பாதுகாப்பு. ஏடிஆருக்கு அந்த வேகத்தை வைத்தால் சுழலும் விசிறி அசையாமல் உறைந்து, என்ஜின் நின்றுபோன விமானம் போலத் தோன்றும். 1/160 அல்லது 1/200 நொடிக்கு இறங்கி, விமானத்தின் நகர்வோடு உடலையும் சேர்த்து மெதுவாகத் திருப்பியபடியே எடுத்தால் விசிறி ஒரு மெல்லிய வட்டமாக விரியும். கூர்மையான படங்கள் குறைவாகவே தேறும் என்பதால் தொடர் படப்பிடிப்பு முறையை வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை நிற விமானம் வெளுத்த வானத்தில் வரும்போது கேமரா அதைக் கருமையாக்கப் பார்க்கும். எக்ஸ்போஷரை, அதாவது பதிவாகும் ஒளியின் அளவை, முக்கால் படி கூட்டி, ஒளிப்பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் வலது ஓரம் வெட்டுப்படாமல் கவனிக்க வேண்டும். பங்குனி, சித்திரையில் காலை பத்து மணிக்கு மேல் நிலத்திலிருந்து எழும் கானல், நீண்ட லென்ஸில் எல்லாக் கோடுகளையும் நெளியவைக்கும். அதற்கு எந்த அமைப்பும் மருந்தில்லை. அதிகாலையில் போவதும் விமானத்துக்கு அருகில் நிற்பதும்தான் வழி.

மழைக்கால ஈரக்காற்றில் இன்னொன்று காணக் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் தூறல் விட்ட சிறிது நேரத்தில் ஏர்பஸ் இறங்கும்போது, சிறகின் பின்விளிம்பில் இறக்கப்பட்ட மடிப்புகளின் ஓரத்திலிருந்து வெண்ணூல் போன்ற நீராவிக் கோடுகள் சுழன்று பின்னே நீள்வதைக் காணலாம். கருமேகம் பின்னணியில் இருந்தால்தான் அவை படத்தில் விழும். நான்கைந்து நொடிக் காட்சிதான். விமானத்தின் முன்விளக்கு பனைகளுக்கு மேல் புள்ளியாகத் தெரியும்போதே ஃபோகஸைப் பிடித்துவிட வேண்டும்.

பொதுச்சாலையில் மட்டும் நில்லுங்கள், வயலில் இறங்குவதானால் உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள், அடையாள அட்டையை வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலைய வளாகத்துக்குள் அனுமதியின்றிப் படம் எடுப்பதும், சுற்றுச்சுவர், காவல் கோபுரம் போன்றவற்றை எடுப்பதும் கூடாது. காவலர் கேட்டால் எடுத்த படங்களைத் தயங்காமல் காட்டிவிடுங்கள். டிரோனை இங்கே நினைக்கவே வேண்டாம். விமான நிலையத்தைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை அது தடைசெய்யப்பட்ட வான்வெளி.

மேகங்களுக்கு வருவோம். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கை மேற்குத்தொடர்ச்சி மலையே வாங்கிக்கொள்வதால் மதுரை அப்போது மழை மறைவுப் பகுதியாகிவிடுகிறது. ஆனால் மேகம் நமக்கு மறைவதில்லை. ஆடியில் கொடைக்கானல் மலைத்தொடரின் உச்சியில் மேகம் தொப்பி போலக் கவிந்திருப்பதையும், அதிலிருந்து பிய்ந்த துண்டுகள் நாகமலைக்கு மேல் விரைந்து ஓடுவதையும் மாலைகளில் காணலாம். ஆவணி, புரட்டாசியில் கடற்காற்று உள்நாட்டுக்குள் நுழைந்து மேல்காற்றோடு மோதும் நாட்களில் பிற்பகலுக்குப் பிறகு இடிமேகம் கோபுரமாக வளர்கிறது. இந்திய வானிலைத் துறையின் செயற்கைக்கோள் படத்தை மூன்று மணியளவில் ஒரு முறையும் ஐந்து மணியளவில் ஒரு முறையும் பார்த்தால் அது வளர்கிறதா, கரைகிறதா என்று தெரியும். வளரும் மேகத்தை அருகிலிருந்து எடுப்பதைவிட இருபது முப்பது கிலோமீட்டர் தள்ளியிருந்து எடுப்பதே அழகு. யானைமலையின் நீண்ட முதுகை அடியில் வைத்து, மேகத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு இடம் கொடுங்கள். வெண்மை வெளுத்துப்போகாமலிருக்க எக்ஸ்போஷரை அரைப்படி குறைத்து, ரா கோப்பாக (கேமராவின் மூலப்பதிவாக) பதிவு செய்வது நல்லது. இதற்குக் கைபேசியே பல நேரங்களில் போதும்.

மின்னலை எடுக்க முக்காலி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, லென்ஸின் துளை எஃப்8, 10 முதல் 20 நொடி வரை திறந்த ஷட்டர் என்று வைத்து அடுத்தடுத்துப் பதிவு செய்துகொண்டே இருக்க வேண்டும். ஒளிக்கும் ஒலிக்கும் இடையே 3 நொடிக்கு ஏறத்தாழ 1 கிலோமீட்டர் தூரம். அந்த இடைவெளி 30 நொடிக்குக் கீழே வந்தால் கருவிகளை அப்படியே விட்டுவிட்டுக் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள். பாறை உச்சி, கண்மாய்க்கரை, தனித்து நிற்கும் பனைமரத்தடி ஆகிய மூன்றும் அந்த நேரத்தில் உயிருக்கு ஆபத்தானவை. எந்தப் படமும் அதற்கு ஈடாகாது.

வடகிழக்குப் பருவமழைதான் இந்தப் பகுதியின் நிலக்காட்சியை உண்மையில் மாற்றுகிறது. கண்மாய் நிறைந்து கலுங்கில் மறுகால் பாயும்போது, சமணர்மலை அடிவாரத்திலும் அரிட்டாபட்டிப் பாறைகளின் சுனைகளிலும் வானம் இறங்கி நிற்கிறது. இரண்டு மழைக்கு இடையிலான வெறித்த காலைதான் ஆண்டிலேயே தெளிவான காற்று. தூரத்து மலைகளை எடுக்க அதைத் தவறவிடக் கூடாது. மார்கழி, தை விடியலில் மூடுபனி வந்தால் சாமநத்தம் கண்மாய் போன்ற திறந்த நீர்ப்பரப்புக்குப் போங்கள். பனியில் கேமரா எல்லாவற்றையும் இருட்டாக்கிக் காட்டும் என்பதால் எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டி, கருவேலமரம், கரையில் நடப்பவர் என்று இருண்ட ஓர் உருவத்தின் விளிம்பில் ஃபோகஸ் வைத்தால் படம் நிலைபெறும்.

கடற்கரைக்குப் போவதானால், மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 170 கிலோமீட்டர். அதற்கும் அப்பால், அரிச்சல்முனையில் முடியும் தனுஷ்கோடி மணல்திட்டில் வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. அங்குள்ளவர்கள் வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். அந்தக் குணம் பருவத்தோடு மாறும்: ஆனி, ஆடியில் தென்பக்கம் அலை உயர்ந்து வடபக்கம் குளம் போலக் கிடக்கும்; ஐப்பசி, கார்த்திகையில் வாடை அடித்தால் வடபக்கம் கொந்தளிக்கும். ஒரே காலையில் சாலையின் இருபுறமும் இரண்டு கடலை எடுக்க முடிகிற இடம் இது. அலைக்கு 1/1000, அமைதியான பக்கத்துக்கு முக்காலியும் சில நொடிகளும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் தேவாலயச் சுவர்களைச் சாய்வெயிலில் எடுத்தால் பவளக்கல்லின் துளைகள் ஒவ்வொன்றும் நிழலோடு தெரியும். தை முதல் பங்குனி வரை ஆழமற்ற நீரில் பூநாரைகள் நிற்கும். அவை எழுந்து பறக்கும் அளவுக்கு நெருங்காமல் நீண்ட லென்ஸால் எடுப்பதே முறை. பாம்பனில் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலத்தைச் சாலைப் பாலத்திலிருந்து பார்க்கலாம். காற்று அங்கே ஆளையே தள்ளும் என்பதால் கேமராப் பட்டையைக் கழுத்தில் மாட்டியே வைத்திருங்கள். வழியில் உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமானத்தளம் இருக்கிறது. அதையும் அங்கிருந்து எழும் விமானங்களையும் படம் எடுக்கக் கூடாது.

ஆடிக்காற்றில் தனுஷ்கோடி மணல் முழங்கால் உயரத்துக்குப் பறக்கும். அங்கே லென்ஸை மாற்றாதீர்கள். தேவையானதைக் காரிலேயே பொருத்திக்கொண்டு இறங்குங்கள். லென்ஸின் முகத்தில் உப்புப் படலம் படியும்போது உலர்ந்த துணியால் தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும். முதலில் ஊதி மணலை அகற்றி, பிறகு லேசாக ஈரப்படுத்திய மெல்லிய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அன்று இரவே முக்காலியின் கால்களைப் பிரித்து நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி வையுங்கள்.