தொலைபேசி வினாடி வினா நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரிப் படிப்பை அண்மையில் முடித்த இளைஞர்கள் நால்வர் ஓர் உள்ளூர் கேபிள் சேனலில் நடத்தும் தொலைபேசி வினாடி வினாவைச் சென்ற மாதம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு கேமரா, ஒரு தொகுப்பாளர், இரண்டு தொலைபேசி இணைப்புகள், மேசைமேல் பரிசாக ஒரு மிக்ஸி. பல ஆண்டுகளுக்கு முன் நாங்கள் தொடங்கியதும் இந்த அளவு முதலீட்டில்தான். அவர்கள் இடறிய இடங்கள் அனைத்தும் நாங்கள் இடறிய இடங்களாகவே இருந்ததால் இதை எழுதுகிறேன். தொலைக்காட்சியின் ஒலியைக் குறைக்கும்படி நேயரிடம் சொல்ல வேண்டும் என்பது போன்றவை முதல் வாரத்திலேயே பிடிபட்டுவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

வினாத்தாளில் ஒரே விடையை எழுதிவைப்பது

அந்த இளைஞர்கள் கேட்ட கேள்விகளில் ஒன்று, "இந்தியாவின் தேசிய விளையாட்டு எது?" என்பது. "அப்படி எதையும் அரசு அறிவிக்கவில்லையே" என்று ஒரு பெண்மணி பதில் சொன்னார். தொகுப்பாளர் கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு, "தவறான விடை அம்மா" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தார். எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவிக்கவில்லை என்று 2012ஆம் ஆண்டிலேயே மத்திய விளையாட்டு அமைச்சகம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பதில் அளித்திருக்கிறது. அந்த அம்மா சொன்னதுதான் சரி. தாளில் இருந்த "ஹாக்கி" தவறு.

எங்கள் நிகழ்ச்சியில் இதே தவறு நடந்த நாளை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. "பூமிக்கு மிக அருகில் உள்ள விண்மீன் எது?" என்பது கேள்வி. ஏதோ ஒரு பொது அறிவு நூலிலிருந்து அவசரமாகப் பார்த்தெழுதிய தாளில் "பிராக்சிமா சென்டாரி" என்று இருந்தது. ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் சிறிதும் தயங்காமல் "சூரியன்" என்றான். "தவறு தம்பி, அடுத்த வாரம் முயற்சி செய்யுங்கள்" என்று எங்கள் தொகுப்பாளர் சொல்லிவிட்டார். அடுத்து அழைத்தவருக்குக் குக்கர் போய்ச் சேர்ந்தது. பதினைந்து கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் சூரியனை விட்டுவிட்டு, நான்கு ஒளியாண்டுகளுக்கும் அப்பால் இருப்பதைச் சரியென்று அறிவித்திருந்தோம். கேள்வியில் "சூரியனுக்கு அடுத்தபடியாக" என்ற இரண்டு சொற்களைச் சேர்க்க எங்களில் எவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் மாலை அந்தச் சிறுவன் தன் தந்தையுடன் அலுவலகத்துக்கு வந்தான். அவன் கையில் இருந்த அறிவியல் பாடநூலில், உரிய பக்கத்தில் பேருந்துச் சீட்டு ஒன்று அடையாளமாகச் செருகப்பட்டிருந்தது. தந்தை குக்கரைக் கேட்கவே இல்லை. "பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்கிறார்களாம். இவன் சொன்னது சரிதான் என்று டிவியில் ஒரு தடவை சொல்லிவிடுங்கள் சார், அது போதும்" என்றார். தவறை ஒப்புக்கொண்டால் பெயர் கெட்டுவிடும் என்று சேனல் உரிமையாளர் மறுத்தார். அவரைச் சம்மதிக்க வைக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. இரண்டாவது குக்கரை எங்கள் கைக்காசில் வாங்கினோம், பரிசளித்து வந்த பாத்திரக் கடைக்காரர் அடுத்த மாதமே விலகிக்கொண்டார். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஊரே பார்க்க ஒரு பிள்ளையை முட்டாளாக்கிவிட்டு, அதைத் திருத்த ஒரு வாரம் எடுத்துக்கொண்டோமே என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதன்பிறகு எங்கள் வினாத்தாளில் கேள்வி, ஏற்கத்தக்க விடைகள் அனைத்தும், விடையைக் கடைசியாகச் சரிபார்த்த தேதி என மூன்று பத்திகள் இருந்தன. தேதி எதற்கு என்று கேட்பவர்கள் தமிழ்நாட்டின் மாவட்டங்களை எண்ணிப் பார்க்கட்டும்: 2018இல் 32, இன்று 38. தெலங்கானா பிறந்த 2014இல் 29 ஆன மாநிலங்களின் எண்ணிக்கை, ஜம்மு காஷ்மீர் யூனியன் பிரதேசமானதால் 2019 அக்டோபர் 31 முதல் 28 ஆகிவிட்டது. பழைய தாளைத் தூசி தட்டி எடுக்கும் ஒவ்வொரு முறையும் இந்த ஆபத்து காத்திருக்கிறது.

இன்னொன்றையும் கட்டாயமாக்கினோம். விடை சரியா தவறா என்று தொகுப்பாளர் தாமாகத் தீர்ப்புச் சொல்லக் கூடாது; கன்ட்ரோல் ரூமில் இருப்பவர் சரிபார்த்து அவர் காதில் சொன்ன பிறகுதான் சொல்ல வேண்டும். "விடையைச் சரிபார்க்கிறோம், இணைப்பிலேயே இருங்கள்" என்று சொல்லிப் பத்து நொடி எடுத்துக்கொண்டால் நேயர்கள் எவரும் சேனலை மாற்றுவதில்லை, ஆவலோடு காத்திருக்கவே செய்கிறார்கள்.

தெருப் பெயரையும் தொலைபேசி எண்ணையும் நேரலையில் கேட்பது

கேட்கவே கூடாது, பெண்களிடமும் பிள்ளைகளிடமும் குறிப்பாக.

அழைப்பு வராதபோது ஆளை வைத்துப் பேசவைப்பது

மழை இரவில் பாதி ஊருக்கு மின்சாரம் இருக்காது, தொலைபேசியும் ஒலிக்காது. அப்போது பின்னறையில் இருக்கும் உதவியாளரை நேயராகப் பேசவைத்தால் என்ன என்ற எண்ணம் வரும். பெரிய நிறுவனங்களுக்கும் அந்த எண்ணம் வந்திருக்கிறது. பிபிசியின் சிறுவர் நிகழ்ச்சியான 'புளூ பீட்டர்' 2006 நவம்பரில் நடத்திய தொலைபேசிப் போட்டியில், தொழில்நுட்பக் கோளாறு ஏற்பட்டதும், அரங்கைப் பார்க்க வந்திருந்த ஒரு சிறுமியை நேயர்போலப் பேசவைத்தார்கள். விஷயம் வெளிவந்து, ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் அடுத்த ஆண்டு 50,000 பவுண்டு அபராதம் விதித்தது. அழைப்பு வராவிட்டால் வரவில்லை என்று நேரடியாகச் சொல்லிவிட்டு, ஒரு பாடலைப் போட்டுவிட்டு, கேள்வியை மறுபடி வாசியுங்கள்.

காத்திருக்க வைத்துக் காசு பார்ப்பது

சாதாரணக் கட்டண எண் இருந்தால் இந்தச் சபலத்துக்கே இடமில்லை. கூடுதல் கட்டண எண் (அழைப்புக் கட்டணத்தில் ஒரு பங்கு நிகழ்ச்சி நடத்துவோருக்கு வரும் எண்) வைத்திருப்பவர்கள், வெற்றி பெற வாய்ப்பே இல்லாத அழைப்பை ஏற்பது திருட்டு என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பிரிட்டனில் ஜிஎம்டிவி என்ற காலை நேரத் தொலைக்காட்சி நிறுவனம், அழைப்புக்கான நேரம் முடிவதற்கு முன்பே இறுதிப் பட்டியலைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு வந்த அழைப்புகளுக்கும் கட்டணம் வசூலித்தது. 2007இல் அதற்கு விதிக்கப்பட்ட அபராதம் இருபது லட்சம் பவுண்டு.

பரிசைத் தள்ளிப்போடுவது

வென்றவர் வந்து கேட்கும்வரை காத்திருக்காமல், அந்த வாரத்துக்குள்ளாகவே கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.