காலநிலை நிதிக்கு ஒரு நாட்டைத் தயார்செய்வது எப்படி

வளரும் நாடுகளின் காலநிலைத் தேவைகளுக்காக 2020-க்குள் ஆண்டுதோறும் 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாக வளர்ந்த நாடுகள் 2009-இல் கோபன்ஹேகனில் உறுதியளித்தன. அந்தத் தொகை முதன்முதலாக எட்டப்பட்டது 2022-இல்தான் என்று பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் கணக்கு சொல்கிறது. 2024-இல் பாகுவில் கூடிய ஐ.நா. காலநிலை மாநாடு, 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று புதிய இலக்கை வகுத்தது. இது போதாது என்று வளரும் நாடுகள் சொல்வது முழுக்க நியாயம். இருக்கிற பணமும் மிகவும் தேவைப்படும் நாடுகளின் கைக்கு எளிதில் போய்ச் சேர்வதில்லை என்பது அதற்குக் குறையாத வேதனை.

அமைச்சக அலுவலர்கள், அவர்களுக்குத் துணைநிற்கும் ஆலோசகர்கள், தொண்டு நிறுவனப் பணியாளர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். பணம் கேட்டு விண்ணப்பம் எழுதுவதுதான் முதல் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது கடைசி வேலை. யார் கையெழுத்திடுவது, யார் பணத்தைக் கையாள்வது, என்ன தரவு இருக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கு நாட்டுக்குள்ளேயே விடை கிடைத்த பிறகு எழுதப்படும் விண்ணப்பம்தான் நிலைத்து நிற்கும்.

எந்த நிதியம், எதற்கு

தென்கொரியாவின் சோங்டோவில் தலைமையகம் கொண்ட பசுமைக் காலநிலை நிதியம், இந்தப் பணிக்கென உள்ள நிதியங்களில் மிகப் பெரியது. உமிழ்வுக் குறைப்பு (வெப்பமாக்கும் வாயுக்களைக் குறைப்பது), தகவமைப்பு (மாறும் காலநிலையைத் தாங்கி வாழத் தயாராவது) இரண்டுக்கும் அது நிதி தருகிறது. தகவமைப்புக்கென ஒதுக்குவதில் குறைந்தது பாதியை மிகவும் பின்தங்கிய நாடுகள், சிறு தீவு நாடுகள், ஆப்பிரிக்க நாடுகள் ஆகியவற்றுக்குத் தர வேண்டும் என்பது அதன் கொள்கை. உமிழ்வைக் குறைப்பதற்கான பன்னாட்டு ஒப்பந்தமான கியோட்டோ நெறிமுறையின் கீழ் உருவான தகவமைப்பு நிதியம் அளவில் சிறியது; ஆனால் தகவமைப்புப் பணியின் முழுச் செலவையும் மானியமாகவே தருகிறது, இணைநிதி, அதாவது பிற வழிகளில் திரட்டிச் சேர்க்கும் பங்கு, காட்ட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. உலகச் சுற்றுச்சூழல் வசதி என்ற பன்னாட்டு நிதி அமைப்பு நிர்வகிக்கும் நிதியங்களில் ஒன்று, மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கென்றே இருக்கிறது. 2022-இல் ஷார்ம் எல் ஷேக்கில் ஒப்புக்கொள்ளப்பட்டு, மறு ஆண்டு துபாயில் செயல்வடிவம் பெற்ற இழப்பு மற்றும் சேத நிதியம், காலநிலை மாற்றத்தால் நேர்ந்த இழப்புகளைச் சமாளிக்க உதவுவது, இவற்றில் இளையது. முதன்முறையாக இறங்கும் நாடு தகவமைப்பு நிதியத்தில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. தொகை சிறியதாக இருந்தாலும், பெரிய நிதியத்தை அணுகுவதற்கான பயிற்சி அங்கே கிடைக்கிறது.

கையெழுத்திடும் அதிகாரம்

பசுமைக் காலநிலை நிதியத்துடன் பேசுவதற்கு ஒவ்வொரு நாடும் ஓர் அமைச்சகத்தையோ துறையையோ தன் தேசியப் பொறுப்பமைப்பாக நியமிக்கிறது. திட்டத்துக்கு நாட்டின் ஆட்சேபம் இல்லை என்று அது தரும் தடையின்மைக் கடிதம் இல்லாமல் அந்நாட்டுக்கான எந்தத் திட்டமும் நிதியத்தின் வாரியத்துக்குப் போகாது. இத்தனை முக்கியமான பொறுப்பு, பல இடங்களில் ஓரிரு அலுவலர்கள் கூடுதலாகச் சுமக்கும் வேலையாகவே இருக்கிறது. அவர்களுக்கு மாறுதல் வந்துவிட்டால், நிதியத்துடன் நடந்த கடிதப் போக்குவரத்தின் தொடர்ச்சியும் அறுந்துபோகிறது.

ஆகவே முதலில் தடையின்மைக் கடிதத்துக்கான நடைமுறையை எழுத்தில் கொண்டுவர உதவுங்கள். யார் விண்ணப்பிக்கலாம், எந்தக் குழு பரிசீலிக்கும், எத்தனை நாளில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணத்தை யார் பதிவுசெய்வார் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். நிதி அமைச்சகத்தை அந்தக் குழுவில் கட்டாயம் உட்கார வையுங்கள். சுற்றுச்சூழல் அமைச்சகம் மட்டும் தனித்து நடத்தும் பேச்சு, இணைநிதி என்றோ அரசின் உத்தரவாதம் என்றோ பேச்சு எழும் கட்டத்தில் நின்றுவிடும். அந்தக் கட்டத்தில்தான் நிதி அமைச்சகம் முதன்முதலாகக் கோப்பைப் பார்க்கிறது என்றால், மாதக்கணக்கில் தாமதம் நிச்சயம்.

ஆயத்தப் பணிக்கான பணம்

தயாராவதற்கென்றே பணம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. பசுமைக் காலநிலை நிதியத்தின் ஆயத்தத் திட்டம், பொறுப்பமைப்பை வலுப்படுத்தவும், நிதியத்தின் பணத்தை நேரடியாகக் கையாளும் அங்கீகாரத்துக்கு உள்நாட்டு நிறுவனங்களைத் தயார்செய்யவும், திட்டப் பட்டியல் வகுக்கவும் மானியம் தருகிறது. தேசியத் தகவமைப்புத் திட்டம் தயாரிக்க மட்டும் ஒரு நாட்டுக்கு 30 லட்சம் டாலர் வரை கிடைக்கும். இந்தப் பணம் கருத்தரங்கங்களிலும் எவரும் திறந்து பார்க்காத அறிக்கைகளிலும் கரைந்துபோவதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை. வெளி ஆலோசகரை அமர்த்தினால், அவருடைய ஒப்பந்தத்திலேயே, அவர் செய்யும் ஒவ்வொரு கணக்கீட்டையும் துறை அலுவலர் ஒருவர் உடனிருந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்றும், மூலக் கணக்குத் தாள்கள் அரசிடமே இருக்க வேண்டும் என்றும் எழுதுங்கள். காமன்வெல்த் அமைப்பு மொரிஷியஸில் நிறுவியுள்ள காலநிலை நிதி அணுகல் மையம், ஆலோசகர்களை உறுப்பு நாடுகளின் அரசு அலுவலகங்களுக்குள்ளேயே அமர்ந்து பணியாற்ற அனுப்புகிறது. தொலைவிலிருந்து அறிக்கை அனுப்புவதைவிட இம்முறை பலமடங்கு பயன் தரும்.

அங்கீகாரம்

நிதியத்திடமிருந்து பணத்தை நேரடியாகப் பெற்றுக் கையாளும் தகுதி, அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களுக்கே உண்டு. ஐ.நா. அமைப்புகள், வளர்ச்சி வங்கிகள் போன்ற பன்னாட்டு நிறுவனங்கள் வழியாகப் போவது ஒரு பாதை. உள்நாட்டு நிறுவனம் ஒன்றே அங்கீகாரம் பெற்று நேரடியாக அணுகுவது மற்றொன்று. நேரடி அணுகலை முதலில் நடைமுறைப்படுத்தியது தகவமைப்பு நிதியம். செனகலின் சூழலியல் கண்காணிப்பு மையம் 2010-இல் அந்த வழியில் அங்கீகாரம் பெற்ற முதல் தேசிய நிறுவனம்.

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். நாட்டில் எந்த நிறுவனத்தை முன்னிறுத்துவது என்பதை அரசியல் செல்வாக்கைப் பார்த்து முடிவுசெய்தால், ஆண்டுக்கணக்கில் உழைப்பு வீணாகும். கணக்கு முறையாகத் தணிக்கை செய்யப்பட்டு வரும் வளர்ச்சி வங்கியோ, அறக்கட்டளை நிதியமோ, திட்டங்களை நடத்தி அனுபவம் உள்ள துறையோ பொருத்தமானது. எந்த அளவுத் திட்டத்துக்கு அங்கீகாரம் கேட்பது என்பதும் முக்கியம். பசுமைக் காலநிலை நிதியத்தில் 1 கோடி டாலர் வரையிலானவை மிகச்சிறிய திட்டங்கள், அதற்கு மேல் 5 கோடி வரை சிறியவை, 25 கோடி வரை நடுத்தரம் என்று படிநிலைகள் உள்ளன. இதுவரை நடத்தியதைவிடப் பல மடங்கு பெரிய திட்டத்துக்கு அங்கீகாரம் கேட்கும் நிறுவனம், அதற்கான அனுபவத்தை நிரூபிக்க முடியாமல் திணறும்.

நிதியம் உங்களிடம் விதிமுறைக் கையேட்டை மட்டும் கேட்பதில்லை. அந்த விதி பின்பற்றப்பட்டதற்கான தடயத்தையும் கேட்கிறது. எனவே விண்ணப்பத்துக்கு முன்பே ஒரு சோதனை செய்து பாருங்கள். அந்த நிறுவனத்தின் முடிந்துபோன கொள்முதல் கோப்புகளில் சிலவற்றை எந்தத் தெரிவுமின்றி எடுத்து, ஒப்பந்தப்புள்ளி விளம்பரம், வந்த விலைப்புள்ளிகள், மதிப்பீட்டுக் குழுவின் கையெழுத்திட்ட குறிப்பு, ஒப்பந்தம், பொருள் பெற்றதற்கான சான்று, பணம் கொடுத்த பதிவு ஆகிய அனைத்தும் வரிசையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். மதிப்பீட்டுக் குறிப்பு காணவில்லை என்றால், அதைப் பின்தேதியிட்டுத் தயாரிக்கும் எண்ணத்துக்கே இடம் கொடுக்காதீர்கள். குறையை ஒப்புக்கொண்டு, இன்று முதல் சரிசெய்யும் திட்டத்தைக் காட்டுவதே நேர்மையான வழி. தணிக்கையாளர் எழுப்பிய ஆட்சேபங்களுக்குப் பதில் அனுப்பப்பட்டதா, முறைகேடு பற்றிப் புகார் தருபவருக்குப் பாதுகாப்பு உண்டா, பாதிக்கப்படும் மக்கள் முறையிட வழி இருக்கிறதா, பாலினக் கொள்கை நடைமுறையில் இருக்கிறதா என்பதையும் அதே கண்டிப்புடன் பாருங்கள்.

அங்கீகாரம் கிடைக்கும்வரை நாடு காத்திருக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற பன்னாட்டு நிறுவனத்துடன் சேர்ந்து முதல் திட்டத்தைத் தொடங்கலாம். அப்போது, எந்த உள்நாட்டு நிறுவனம் பின்னால் நேரடியாக வர விரும்புகிறதோ, அதையே செயல்படுத்தும் நிறுவனமாகச் சேர்க்க வேண்டும் என்று தடையின்மைக் கடிதம் தரும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். பேரம் பேச நாட்டுக்கு இருக்கும் வலுவான தருணம் அதுதான்.

காலநிலைக் காரணம்

திட்டங்கள் அதிகமாக இடறுவது இங்கேதான். ஓர் ஊருக்குக் குடிநீர் இல்லை என்பது வளர்ச்சிப் பிரச்சினை. அந்தக் குறைக்கும் மாறும் காலநிலைக்கும் என்ன தொடர்பு, நாளை அது எப்படி மோசமாகும், இந்தத் திட்டம் அதை எப்படித் தடுக்கும் என்று காட்டினால்தான் காலநிலை நிதி கேட்க முடியும்.

ஒரு கற்பனைக் கருத்துருவை எடுத்துக்கொள்வோம். முதல் வரைவு இப்படி இருக்கிறது: “கடலோர மக்கள் நல்ல குடிநீரின்றி அவதிப்படுகிறார்கள். காலநிலை மாற்றத்தால் நிலைமை மோசமாகி வருகிறது. எனவே மழைநீர்த் தொட்டிகள் தேவை.” இதில் பொய் எதுவும் இல்லை, ஆனால் நிதியத்தின் தொழில்நுட்பக் குழுவுக்கு இது எதையும் நிறுவவில்லை. திருத்திய வரைவு, அந்தப் பகுதியின் கிணறுகளில் பல ஆண்டுகளாக அளக்கப்பட்ட உப்புத்தன்மையை முதலில் வைக்கும். அடுத்து, கடல்மட்ட உயர்வும் புயல் அலைகளும் அதில் எவ்வளவு பங்கு வகிக்கின்றன, அளவுக்கு மீறி நீர் இறைப்பதும் இறால் பண்ணைகளும் எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்லும். பிற காரணங்களை மறைக்காமல் சொல்வது கருத்துருவைப் பலவீனப்படுத்தும் என்று அஞ்ச வேண்டாம். அவற்றை மறைத்தால் பரிசீலனையாளர் கேட்கும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். பிறகு, வரும் பத்தாண்டுகளுக்கான கணிப்புகளைக் கொண்டு எந்தக் கிராமங்கள் எப்போது நன்னீரை இழக்கும் என்பதையும், தொட்டியின் கொள்ளளவு மழையற்ற மாதங்களின் எண்ணிக்கையிலிருந்து எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதையும் காட்டும்.

வங்கதேசத்தின் குல்னா, சாத்கிரா மாவட்டங்களில் உப்புநீரால் பாதிக்கப்படும் கடலோர மக்களுக்காக, குறிப்பாகப் பெண்களுக்காக, வகுக்கப்பட்ட திட்டத்துக்குப் பசுமைக் காலநிலை நிதியம் 2018-இல் சுமார் 2.5 கோடி டாலர் மானியம் ஒப்புதல் அளித்தது. மழைநீர்ச் சேகரிப்பும் உப்பைத் தாங்கும் வாழ்வாதாரங்களும் அதில் ஒன்றாக இணைந்துள்ளன. இத்தகைய திட்டம் எழுத விரும்புவோர் அதன் ஆவணங்களைப் படித்துப் பார்ப்பது நல்லது; நிதியம் ஒப்புதல் அளித்த திட்டங்களின் முன்மொழிவுகள் பொதுவில் வெளியிடப்படுகின்றன.

இதற்கெல்லாம் அடிப்படை தரவு. வானிலைத் துறையிடம் பழைய மழைப் பதிவேடுகள் காகிதத்தில் கிடந்தால், அவற்றைக் கணினியில் ஏற்றுவதே ஆயத்தப் பணத்தின் மிகச் சிறந்த செலவு. ஒரு முறை ஏற்றினால், அடுத்து வரும் எல்லாத் திட்டங்களுக்கும் அது உதவும்.

கடனும் மானியமும்

அரசுகள் வழியாக வரும் காலநிலை நிதியில் பெரும்பகுதி கடனாகவே வருகிறது. கடற்சுவர் கட்டுவது, சதுப்புநிலக் காடு வளர்ப்பது போன்றவற்றிலிருந்து திருப்பிச் செலுத்த வருமானம் வராது. அத்தகைய பணிக்குக் கடன் முன்மொழியப்பட்டால், ஏன் மானியம் கூடாது என்று எழுத்தில் கேளுங்கள். மின்கட்டணம் போன்ற வருவாய் உள்ள சூரிய மின்திட்டத்துக்குச் சந்தையைவிட எளிய நிபந்தனைகளில் தரப்படும் சலுகைக் கடனோ உத்தரவாதமோ பொருந்தலாம். கடன் எந்த நாணயத்தில் என்பதை நிதி அமைச்சகம் கட்டாயம் பார்க்க வேண்டும். டாலரில் வாங்கி உள்நாட்டு நாணயத்தில் வருவாய் ஈட்டும் திட்டத்தில், நாணய மதிப்பு சரிந்தால் சுமை முழுவதும் மக்கள் தலையில்தான் விழும்.

கருத்துரு முதல் முதல் தவணை வரை

முழு முன்மொழிவுக்கு முன்பாகச் சுருக்கமான தொடக்கக் கருத்துரு ஒன்றை அனுப்பி நிதியத்தின் கருத்தைக் கேளுங்கள். இது கட்டாயமில்லை என்றாலும், பொருந்தாத யோசனைக்கு உழைப்பைச் செலவிடாமல் காக்கும். சாத்தியக்கூறு ஆய்வு, சுற்றுச்சூழல் மற்றும் சமூகத் தாக்க ஆய்வு, பாலின ஆய்வு ஆகியவற்றின் செலவுக்குப் பசுமைக் காலநிலை நிதியத்தின் திட்டத் தயாரிப்பு வசதியிலிருந்து 15 லட்சம் டாலர் வரை கேட்கலாம். நிதியத்திடம் கேட்கும் தொகை 2.5 கோடி டாலருக்குள்ளும், சுற்றுச்சூழல், சமூக அபாயம் மிகக் குறைவாகவும் இருந்தால், எளிமையாக்கப்பட்ட ஒப்புதல் முறைக்கு விண்ணப்பிப்பது மேல்.

வாரிய ஒப்புதல் கிடைத்த அன்றே பணம் வந்துவிடாது. நிதியத்துக்கும் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்துக்கும் இடையே திட்ட ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். அதில் விதிக்கப்பட்ட நிபந்தனைகள் நிறைவேறிய பின்னரே முதல் தவணை விடுவிக்கப்படும். நிலம் தொடர்பான அனுமதி, இணைநிதிக்கான அரசாணை, திட்ட அலுவலகப் பணியிடங்கள் ஆகியவைதான் வழக்கமாக இழுத்தடிப்பவை. வாரியக் கூட்டத்துக்கு முன்பே இவற்றுக்கான கோப்புகளைத் தொடங்கிவிட்டால் ஓராண்டைக்கூட மிச்சப்படுத்தலாம். ஆண்டுதோறும் நிதியத்துக்கு அனுப்ப வேண்டிய செயல்பாட்டு அறிக்கைக்கான அடிப்படை அளவீடுகளையும், மண்வெட்டி மண்ணில் இறங்கும் முன்பே, கிணறு கிணறாக, வீடு வீடாக எடுத்து முடித்துவிட ஏற்பாடு செய்யுங்கள்.