நாலு சமயப் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் பெரியார்களின் வாழ்க்கையைச் சொல்வது எப்படி

திருகோணமலையில் ஒரே வகுப்பறைக்குள் நாலு சமயமும் இருப்பது புதினமில்லை. பாலையூற்றில் சனிக்கிழமைகளில் நான் நடத்தும் கதை வகுப்பும் அப்படித்தான். பத்திரகாளி கோயிலுக்குப் போகும் பிள்ளை, மாதா கோயிலுக்குப் போகும் பிள்ளை, முஸ்லிம்கள் வாழும் கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளை, போயா (பௌர்ணமி) நாளில் விகாரைக்குப் போகும் பிள்ளை எல்லாரும் ஒரே பாயில் இருக்கிறார்கள். இவர்களுக்கு ஒரு சமயப் பெரியாரின் வாழ்க்கையைச் சொல்லும்போது பல ஆசிரியர்கள் எல்லா மதமும் அன்பைத்தான் சொல்கிறது என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். இல்லாவிட்டால் பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, அற்புதங்கள் என்று ஒப்புவிக்கிறார்கள். இரண்டிலும் அந்த ஆள் பிள்ளையின் மனதில் நிற்பதில்லை.

நான் கதையைத் தேடுவது வேறு இடத்தில். அந்தப் பெரியாரின் வாழ்க்கைக்குள் வேறு சமயத்தவர் ஒருவர் எங்கே வருகிறார் என்று பாருங்கள். அங்கேயிருந்து தொடங்குங்கள். அந்த ஒரு சம்பவம் போதும், முழு வாழ்க்கையும் வேண்டாம்.

முதல் வகுப்புக்கு விபுலானந்த அடிகளை எடுங்கள். நம்ம பக்கத்து ஆள், பிள்ளைகள் பெயர் கேட்டிருப்பார்கள். 1892இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனம் கல்முனையில் மெதடிஸ்த பாடசாலையில் படித்தார், பிறகு மட்டக்களப்பு புனித மைக்கேல் கல்லூரியில் கத்தோலிக்கக் குருமாரிடம் படித்தார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானமும் படிப்பித்தார். 1924இல் இராமகிருஷ்ண மிஷனில் துறவியானவர், கிழக்கில் அந்த மிஷனின் பள்ளிகளைக் கட்டி வளர்த்தார். நம்ம திருகோணமலை இந்துக் கல்லூரியும் அவர் பொறுப்பில் இருந்ததுதான். இந்த வரிசையைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, "இவருக்கு எழுத்தறிவித்தவர்கள் யார் யார்?" என்று மட்டும் கேளுங்கள். பிள்ளைகள் தாங்களே சொல்லிக்கொண்டு போவார்கள். பெரிய வகுப்பென்றால் அவர் எழுதிய யாழ் நூலையும் தொடலாம். கணக்கும் விஞ்ஞானமும் தெரிந்த ஒருவர், மறைந்துபோன ஒரு வாத்தியத்தைக் கணக்குப் போட்டு மீட்டார். 1947இல் நூல் அரங்கேறியது, அடுத்த மாதமே அவர் காலமானார்.

நபிகள் நாயகத்தின் (ஸல்) வாழ்க்கைக்குக் கூடுதல் ஆயத்தம் தேவை. படம் வரையக் கூடாது, நாடகமாக யாரையும் அவராக நடிக்க விடவும் கூடாது. பெயர் வரும் ஒவ்வொரு முறையும் ஸலவாத்து (அவர்கள் மீதான வாழ்த்து) சொல்ல முஸ்லிம் பிள்ளைகளுக்கு ஒரு நொடி விடுங்கள், அவசரப்பட்டுத் தாண்டிப் போக வேண்டாம். நான் சொல்வது அபிசீனியாக் கதை, இன்றைய எத்தியோப்பியாப் பக்கம். மக்காவில் கொடுமை தாங்க முடியாமல், ஏறக்குறைய 615இல், ஒரு கூட்டத்தாரை நபியவர்கள் கடல் தாண்டி அனுப்புகிறார்கள். அங்கே ஆள்வது நஜ்ஜாஷி என்ற கிறிஸ்தவ மன்னர். பின்னாலேயே குறைஷிகளின், அதாவது மக்காவில் அவர்களைக் கொடுமைப்படுத்திய குலத்தாரின், தூதர் தோல் பொருட்களைப் பரிசாகக் கொண்டுபோய், "இவர்களைத் திருப்பித் தாருங்கள்" என்று கேட்கிறார்கள். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன் என்று மன்னர் அகதிகளைக் கூப்பிடுகிறார். அகதிகளில் ஒருவரான ஜஃபர் எழுந்து, குர்ஆனில் மர்யம் என்ற அத்தியாயத்தின் (சூரா மர்யம்) தொடக்கத்தை ஓதுகிறார். மன்னரின் தாடி கண்ணீரில் நனைந்ததாக நபியவர்களின் வரலாற்றைச் சொல்லும் சீறா நூல்கள் சொல்கின்றன. அகதிகளை அவர் கொடுக்கவில்லை, பரிசுகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். இந்த இடத்தில் கதையை நிறுத்தி, ஓதத் தெரிந்த பிள்ளை விரும்பினால் அந்த வசனங்களை ஓதச் சொல்லலாம். ஸக்கரியா, யஹ்யா (யோவான்), மர்யம் (மரியாள்) என்று வரும்போது கத்தோலிக்கப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்ப்பீர்கள். நம்ம ஊரில் முகாம் வாழ்க்கையைப் பெற்றோர் வாயால் கேட்ட பிள்ளைகளுக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை.

புனித யோசப் வாஸ் அடிகளாரிடம் இதே கதை திரும்பி வருகிறது. கோவாவில் பிறந்தவர். கரையோரத்தை ஆண்ட புரட்டஸ்தாந்து ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், பிச்சைக்காரர் வேடத்தில் இலங்கைக்கு வந்தார். 1692இல் கண்டியில் போர்த்துக்கேய உளவாளி என்று சிறையில் போட்டார்கள். பிறகு அவரை நம்பி, ஊழியம் செய்ய விட்டவர் பௌத்த மன்னரான இரண்டாம் விமலதர்மசூரியன். 1697இல் அம்மை நோய் பரவியபோது அடிகளார் ஓடவில்லை, நோயாளிகளைத் தூக்கிப் பராமரித்தார். சக கிறிஸ்தவர் துரத்தியதும் பௌத்தர் அடைக்கலம் கொடுத்ததும் இரண்டுமே கதையில் இருக்க வேண்டும். ஒன்றை விட்டால் மற்றது விளங்காது.

புத்தருக்கு உபாலி கதை. நிகண்டர் எனப்பட்ட சமணத் துறவிகளின் அடியாரான உபாலி வாதாட வந்து, மனம் மாறி, சீடராக வேண்டும் என்கிறார். "நன்றாக யோசித்துச் செய்" என்கிறார் புத்தர். உங்கள் வீடு நெடுங்காலம் நிகண்டருக்கு உணவு கொடுத்த வீடு, அவர்கள் வந்தால் தொடர்ந்து கொடுங்கள் என்றும் சொல்கிறார்.

எல்லா வாழ்க்கையிலும் இப்படி நட்பே வராது. திருஞானசம்பந்தர் வாழ்க்கையில் சமணரோடு மோதல் வருகிறது. அதை மூடி மறைக்காதீர்கள், ஆனால் உயர்தர வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அவர் திருகோணமலைக் கோணேசரைப் பாடிய பதிகமே நிறைய.

அற்புதங்களை என்ன செய்வது? "அவர்கள் இப்படி நம்புகிறார்கள்" என்று ஒரு சமயத்துக்கும், "இப்படி நடந்தது" என்று உங்கள் சமயத்துக்கும் சொல்வதுதான் பிள்ளைகளை நோகடிக்கும். நாலுக்கும் ஒரே வாக்கியத்தைப் பயன்படுத்துங்கள். கதையை முதல் நாளே அந்தந்தச் சமயத்தவரிடம், மௌலவியோ ஃபாதரோ குருக்களோ, வாசித்துக் காட்டிவிடுங்கள். பத்து நிமிட வேலை, எரிச்சலோடு அல்ல, சந்தோசமாகத்தான் கேட்பார்கள். வகுப்பில் இருக்கும் ஒரே பௌத்தப் பிள்ளையைப் பார்த்து "உங்கள் மதத்தில் ஏன் இப்படி?" என்று மட்டும் கேட்காதீர்கள். பிள்ளை பதில் சொல்லும் பொறுப்பாளர் இல்லை.

முடிந்தால் வெல்கம் விகாரைக்கும் கூட்டிப் போங்கள். பழைய தமிழ்க் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்ற அந்தப் பௌத்தப் பள்ளிக்குத் தமிழர் கொடுத்த கொடைகளை அவை சொல்கின்றன. வெள்ளை உடுப்பு, செருப்பைக் கழற்றி வைக்கப் பை, காலையில் நேரத்தோடு பயணம். போயா நாளில் மட்டும் போக வேண்டாம், கூட்டத்தில் பிள்ளைகளால் கல்வெட்டுக்குக் கிட்டப் போய் எழுத்தைப் பார்க்க முடியாது.